கம்பியில் கோர்த்த கடிதங்களும் ஒரு பூச்சியும்

சென்ற மாதம், நான் முன்பு வேலை பார்த்த வரலாற்றுச் சங்கத்திலிருந்து போன் வந்தது. அங்கே இப்போது பழைய காகிதங்களை எல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். பேசியது என் இடத்துக்கு வந்திருக்கும் ரம்யா. எல்லையோரப் பாறசாலைப் பெண், தமிழும் மலையாளமும் சரளமாக வரும்.

"சேச்சி, ஒரு கட்டோட உறையில, 'பூச்சி சொன்ன வரிசை, மாற்றக் கூடாது'ன்னு பென்சில்ல எழுதியிருக்கு. யாரு எழுதினது?"

"நான்தான்."

"பூச்சி எப்படி சேச்சி சொல்லும்?"

"சொல்லிச்சு."

போனில் எனக்குப் பேச்சு வராது. நேரிலும் அதிகம் வராது. ரம்யா சிரித்துவிட்டாள். "பழைய செக்ரட்டரி சார் சொன்னது கரெக்ட். லீலாகிட்ட வாயால வாங்க முடியாது, எழுதித்தான் வாங்கணும்னாரு. தமிழ்லயே எழுதித் தாங்க. ஆண்டு மலர்ல போடலாம்."

அதனால் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்பு மட்டும் படித்தவள். வரலாற்றுச் சங்கத்தில் பதினைந்து வருஷத்துக்கு மேல் இருந்தேன் என்பதால் எனக்கு வரலாறு தெரியும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எனக்குத் தெரிந்தது காகிதம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே சேர்ந்தேன். பூதப்பாண்டியிலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தவள் நான். கணவருக்குச் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடையில் வேலை. சங்கம் இருந்தது கோட்டைக்குள் ஒரு பழைய வீட்டின் மாடியில், இரண்டே அறைகள். ஒன்றில் பீரோக்கள், இன்னொன்றில் நீள மேசை ஒன்றும் ஆறு நாற்காலிகளும். ஊரில் யார் வீட்டுப் பெட்டியிலாவது பழைய கடிதம், பத்திரம், டைரி, கல்யாணப் பத்திரிகை என்று இருந்தால் சங்கம் வாங்கிப் பாதுகாக்கும். ஆராய்ச்சி செய்யும் மாணவர்கள் வந்து பார்க்கலாம்; கட்டணம் கிடையாது. கூட்டிப் பெருக்கி, டீ வாங்கி வர ஆள் தேவை என்றுதான் என்னை எடுத்தார்கள். மூன்றாவது மாதம் செக்ரட்டரி மாதவன் பிள்ளை சார் என் கையில் துடைப்பத்துக்குப் பதிலாக ஒரு மெல்லிய பிரஷ்ஷைக் கொடுத்தார்.

"லீலா தூசி தட்டுறது கண்டேன். சத்தமில்ல. இனி காகிதத்தைத் தட்டு" என்றார். என் பயிற்சி அவ்வளவுதான்.

சார் சர்வே துறையில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். மலையாளி என்றாலும் வேலை செய்த காலத்தில் செங்கோட்டையில் பல வருஷம் இருந்ததால் என்னிடம் தமிழில்தான் பேசுவார். யாரையும் திட்ட மாட்டார். கோபம் வந்தால் மேசையிழுப்பறையைத் திறந்து பென்சில் சீவத் தொடங்குவார். சாதாரணக் கோபத்துக்கு ஒரு பென்சில், ஒரு மாணவன் கடிதத்தின் ஓரத்தில் பேனாவால் டிக் போட்டபோது ஐந்து. சீவி முடித்த பென்சில்களை அந்த ஆளிடமே கொடுத்து, "இனி இது கொண்டு எழுதூ" என்பார். படிக்கும் அறையில் பேனா கூடாது என்ற விதி அவருடையது. 'பழம்பொரி தின்ற கையோடு உள்ளே வராதீர்கள்' என்று வாசலில் மலையாளத்திலும் தமிழிலும் எழுதி மாட்டியதும் அவரே. படிக்கட்டின் அடியிலேயே, எண்ணெய் சொட்டச் சொட்ட அந்த வாழைப்பழ பஜ்ஜியைப் போடும் ஒரு டீக்கடை இருந்ததால் அந்த விதி இல்லாமல் முடியாது.

ஒரு வீட்டுக் காகிதம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் எதையும் தொடக் கூடாது. எந்தப் பெட்டியில், எதன் மேல் எது இருந்தது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். கொண்டுவந்தவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, அவர் சொல்லுவதையும் அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும். பிறகு ஒவ்வொரு தாளின் பின்பக்க மூலையிலும் பென்சிலால் எண். அதற்கப்புறம்தான் துருப்பிடித்த குண்டூசியைக் கழற்றுவது, தூசி தட்டுவது, மடிப்பை நீவுவது எல்லாம். "வீட்டுக்காரன் எப்படி வச்சானோ அதுவும் ஒரு சேதிதான், லீலா. நாம அடுக்கினா நம்ம புத்திதான் தெரியும், அவன் புத்தி தெரியாது" என்பார்.

இந்த முறையை நான் ஒரே ஒரு தடவை மீறினேன்.

அது கடுமையான இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழைக் காலம். சார் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். கரமனையிலிருந்து தாணு அண்ணாச்சி ஒரு பிளாஸ்டிக் பையோடு மாடியேறி வந்தார். அவருடைய அப்பா பொன்முடியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ரைட்டராக இருந்தவர், அதாவது கணக்கப்பிள்ளை. தனக்கு வந்த கடிதத்தை எல்லாம் படித்து முடித்ததும் சுவரில் தொங்கும் கம்பியில் குத்திவிடுவாராம். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்த கம்பிதான்: மேலே கொக்கி, அடியில் வட்டமாக ஒரு மரத்துண்டு. பழையது அடியில் கிடக்கும், புதியது மேலே வந்து சேரும். அந்தக் கம்பி அப்படியே, கடிதங்களோடு, சொட்டச் சொட்ட நனைந்து வந்தது.

"எம்மா லீலா, ஓடு உடைஞ்சு ராத்திரியெல்லாம் ஒழுகிட்டு. எங்கப்பாக்க கம்பியாக்கும். அவரு இருக்கையில ஒருத்தரையும் தொட விடமாட்டாரு. நீ பாத்துக்கிடணும் கேட்டியா?"

பதிவேட்டில், 'சுவர்க் கம்பியில் கோர்த்தபடி, நாற்பத்து மூன்று' என்று எழுதினேன். அதுவரை சரி. துரு தாளைத் தின்றுகொண்டிருந்தது. ஒட்டிக்கொண்ட தாள்களை உடனே பிரிக்காவிட்டால் பிறகு பிரியாது. கம்பியை வெட்டி ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அதுவும் சரி. எண் போடப் போனால், ஈரத்தாளில் பென்சில் பட்டதும் கிழிந்தது. காய்ந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மை ஒற்றும் தாளை இடையில் வைத்துப் பலகைக்குக் கீழே அழுத்திக் காயவைக்க வேண்டும். ஒரே அளவுத் தாள்கள் ஒன்றாக இருந்தால்தான் சுருக்கமில்லாமல் காயும். எனவே துண்டுச் சீட்டு தனி, தபால் கார்டு தனி, முழுத்தாள் தனி என்று அழகாகப் பிரித்து, துணி சுற்றிய செங்கல்லை மேலே ஏற்றினேன். மூன்றாம் நாள் எடுத்தபோது அப்பளம் மாதிரி இருந்தன. சந்தோஷத்தில் சீட்டுகளில் தொடங்கி ஒன்று முதல் நாற்பத்து மூன்று வரை எண் போட்டேன். கடைசி எண்ணைப் போட்ட பிறகுதான், கம்பியில் இருந்த வரிசையைக் குலைத்துவிட்டேன் என்று புரிந்தது.

சார் வந்து பார்த்து, "கொள்ளாமே! ஒண்ணு கூடக் கிழியல" என்று பாராட்டினார். வாய்வரை வந்தது, சொல்லவில்லை. அந்தக் கட்டு பீரோவுக்குள் போய்விட்டது. இரண்டு வருஷம் யாரும் அதைக் கேட்கவில்லை. நானும் அந்தப் பீரோவைத் துடைக்கும்போது கொஞ்சம் வேகமாகத் துடைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

பிறகுதான் வசந்தி வந்தாள்.

எம்.ஃபில் மாணவி. பொன்முடித் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவள். அம்மா அப்போதும் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார். லயத்துப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் எப்படி வந்தது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. மலையிலிருந்து பஸ் கிடைப்பது கஷ்டம் என்று திருவனந்தபுரத்தில் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். எங்கள் மேசையில் அவளைப்போலப் பேசுகிறவள் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. முதல் நாளே என்னிடம், "லீலாக்கா, நீங்க பேசவே மாட்டீங்களா? சாரமில்ல, நான் ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசிக்கிடுதேன்" என்றாள்.

ரைட்டரின் கட்டைக் கொடுத்ததும் அவள் கண் விரிந்தது. உள்ளே இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, பிள்ளைகளுக்கு எழுத்துப் படிக்க ஓர் இடம் வேண்டும் என்று தொழிலாளர்கள் கைநாட்டு வைத்து ரைட்டரிடம் கொடுத்த விண்ணப்பம். இன்னொன்று, பழைய சாக்கு அறையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கலாம் என்று தோட்டத்து மேனேஜர் ரைட்டருக்கு எழுதிய துண்டுச் சீட்டு. இரண்டிலும் தேதி இல்லை.

"லீலாக்கா, தோட்டத்துக்காரங்க போட்ட புத்தகத்துல, மேனேஜர் துரை தானா மனசு இரங்கிப் பள்ளிக்கூடம் வச்சுக் கொடுத்தாருன்னு இருக்கு. எங்க லயத்துல அப்படிச் சொல்ல மாட்டாங்க. நாங்க கேட்டு வாங்குனதுன்னுதான் எங்க அம்மா சொல்லும். எது முதல்லன்னு தெரிஞ்சா போதும். வாய்ச்சொல்லு போதாது, காகிதம் வேணும்னு கைடு நிக்கிறாரு."

இரண்டு நாள் கழித்துப் பதிவேட்டைப் புரட்டியவள் துள்ளிக் குதித்தாள். "கம்பியில் கோர்த்தபடின்னு எழுதியிருக்கே! அப்ப இந்த நம்பர்தான் கடிதம் வந்த வரிசை!" என்றாள். விரலால் தேடினாள். மேனேஜர் சீட்டின் எண் நான்கு. விண்ணப்பத்தின் எண் முப்பத்தேழு.

அவள் பேச்சு நின்றதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

"துரைதான் முதல்ல கொடுத்திருக்காரு" என்றாள். "எங்க அம்மா சொன்னது சும்மா. சரி, இருக்கிறதைத்தானே எழுதணும்." நோட்டில் எழுதத் தொடங்கினாள்.

சீட்டு முதலில் வந்தது சின்னதாக இருந்ததால். அது இந்த உலகத்தில் எனக்கு ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். அன்று வீட்டுக்குப் போய்ச் சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். மறுநாள் காலை சார் வந்ததும், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

சார் இழுப்பறையைத் திறந்தார். ஒரு பென்சில். இரண்டு. நான் எண்ணிக்கொண்டே நின்றேன். ஏழாவது பென்சில் முடிந்ததும் தூளை ஊதிவிட்டு, "ஈரத்தாள்ல எண் போட்டா கிழியும், அது சரி. ஒவ்வொண்ணுக்கும் இடையில ஒரு நம்பர்ச் சீட்டு வச்சிருக்கலாம் அல்லே?" என்றார்.

"ஆமா சார்."

"எனக்கும் தோணியிருக்காது. இப்பத்தான் தோணுது. போகட்டும். அந்தக் குட்டிகிட்ட நீயே சொல்லணும்."

வசந்தி வந்ததும் சொன்னேன். கோபப்படுவாள் என்று பார்த்தால், "அளவு பாத்தா அடுக்குனீங்க? எந்தாக்கா, இது சமையல்கட்டு டப்பாவா?" என்று கேட்டுவிட்டு, எழுதிய பக்கத்தைக் கிழித்தாள். பிறகு முகம் வாடியது. "அப்ப எது முதல்லன்னு இனி தெரியவே தெரியாதா? அடுத்த மாசம் சமர்ப்பிக்கணுமே."

நாற்பத்து மூன்றையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லாவற்றிலும் நடுவில் கம்பி போன துளை, துருப்பிடித்த வட்டம். அது எல்லாத் தாளிலும் ஒரே மாதிரிதான் இருந்தது. தூசி தட்டித் தட்டி ஒவ்வொரு தாளையும் எனக்கு முகம் போலத் தெரியும். ஒரு தபால் கார்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். கம்பித் துளைக்குப் பக்கத்தில் கடுகு அளவில் இன்னொரு துளை, பூச்சி அரித்தது. அடுத்த கார்டிலும் இருந்தது, ஆனால் கம்பியிலிருந்து கொஞ்சம் தள்ளி. இன்னொன்றில் இன்னும் தள்ளி.

எங்கள் பரம எதிரியே பூச்சிதான். வேப்பிலை, கற்பூரம், நாப்தலின் என்று அதோடு வருஷக்கணக்காகச் சண்டை போட்டவள் நான். ஆனால் அது ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்குத் தாவாது. சாய்வாக ஒரே கோட்டில் அரித்துக்கொண்டே அடுத்ததற்குப் போகும். கம்பியில் இருந்த வரிசை அதற்குத் தெரியும்.

"சார்" என்று கூப்பிட்டேன். குரல் எனக்கே கேட்கும்படி இருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

சார் பீரோவைத் திறந்து, சர்வே துறைக் காலத்துப் பித்தளை டிவைடரை எடுத்து வந்தார். இரண்டு முள்ளும் ஊசி போல இருக்கும். ஒன்றைக் கம்பித் துளையின் மையத்துக்கு நேராகவும் இன்னொன்றைப் பூச்சித் துளையின் மையத்துக்கு நேராகவும் தாளில் படாமல் பிடித்து, அந்தத் தூரத்தை அளவுகோலில் வைத்துப் படிப்பார். நான் தாளைப் பிடித்துக்கொள்வேன், வசந்தி எழுதிக்கொள்வாள். தொடங்குமுன் விண்ணப்பத்தையும் மேனேஜர் சீட்டையும் ஓர் உறையில் போட்டு மேசை ஓரம் வைத்துவிட்டார்.

"அது கடைசியில. முதல்ல தபால் கார்டு. முத்திரை வாசிக்க முடியுறது குறே, நிறையவே உண்டு. பூச்சி சொல்ற வரிசையும் முத்திரை சொல்ற வரிசையும் ஒத்துப்போனா பூச்சியை நம்பலாம். இல்லேங்கில் விட்டுடணும்."

"சார், ஒத்துப்போய், துரைதான் முதல்லன்னு வந்தா?" என்று வசந்தி கேட்டாள்.

"வந்தா வந்தது. அப்ப துரைன்னு எழுதணும். சம்மதமா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "சம்மதம்" என்றாள்.

இரண்டு நாள் ஆயிற்று. எல்லாத் தாளிலும் பூச்சி போகவில்லை. அடியில் சிலதும் உச்சியில் சிலதும் தப்பியிருந்தன. முப்பத்தொன்றில் துளை இருந்தது. அதில் முத்திரை தெளிவாக இருந்த கார்டுகள் பதினொன்று. அளவு கூடக் கூட முத்திரையின் மாதமும் ஏறிக்கொண்டே வந்தது, ஒன்றுகூடத் தப்பாமல். வசந்தி ஒவ்வொன்றுக்கும், "சபாஷ் பூச்சி!" என்றாள். நடுவில் தாணு அண்ணாச்சி வந்து எட்டிப் பார்த்தார். நடந்ததை அவரிடமும் சொன்னேன். "எங்கப்பா கோத்த கம்பியப் பூச்சி காவல் காத்திருக்குன்னு சொல்லு! அவரு பூச்சியக் கண்டா செருப்பைத் தூக்குவாரு" என்று சிரித்துவிட்டு, அவரும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார்.

கடைசியில் உறை திறந்தது. விண்ணப்பத்தை அளந்தார்கள். சுசீந்திரத்திலிருந்து கல்யாணச் செய்தி சொன்ன ஒரு வைகாசி மாதக் கார்டுக்கும், அடுத்த மாதக் கார்டு ஒன்றுக்கும் நடுவில் அது போய் உட்கார்ந்தது. அடுத்து மேனேஜர் சீட்டு. திருப்பித் திருப்பிப் பார்த்தோம். அதில் துளை இல்லை.

"தீர்ந்தது" என்றார் சார்.

நான் சீட்டை வாங்கி மறுபடி ஜன்னல் பக்கம் போனேன். சீட்டின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு இருந்தது. அதைக் கிழிசல் என்று நானே பதிவேட்டில் எழுதியிருந்தேன். கிழிசலுக்கு நார் இருக்கும். இதற்கு இல்லை, அரை வட்டமாக, நகத்தால் கிள்ளினது போல வழவழப்பாக இருந்தது. சீட்டு சின்னது. ஓரமாகப் போன பூச்சி பாதியைத் தாளிலும் பாதியை வெளியிலும் அரித்திருக்கிறது. சாரிடம் லென்ஸைக் கொடுத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். டிவைடரை எடுத்தார்.

"விண்ணப்பத்தைவிடத் தூரம்" என்றார். "நல்ல தூரம். அஞ்சு கார்டு தாண்டி மேலே. முத்திரைப்படி பாத்தா நாலு மாசம் பின்னால."

கேட்டது லயம்தான். கொடுத்தது பிறகு.

வசந்தி எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்து, "எங்க அம்மாகிட்ட இப்பவே சொல்லணும், ஆனா அங்க போனே இல்லயே" என்றாள். சார் பாக்கெட்டிலிருந்து கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு எல்லாரையும் படிக்கட்டுக்கு அழைத்துப்போய் ஆளுக்கு இரண்டு பழம்பொரி வாங்கிக் கொடுத்து, தின்று முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னார்.

வாய்மொழித் தேர்வில் ஒரு பேராசிரியர், "ஒரு பூச்சியை எப்படிம்மா சாட்சியா எடுத்துக்க முடியும்?" என்று கேட்டாராம். "சார், அதுக்கு யூனியனும் இல்ல, மேனேஜ்மெண்டும் இல்ல" என்றாளாம் வசந்தி. பிறகு அளவுப் பட்டியலைக் காட்டியிருக்கிறாள். வரிசை சங்கத்தில் குலைந்ததும், எப்படி மீண்டது என்பதும் அவள் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இருக்கின்றன. அதை மறைக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். உறையின் மேல் நான் எழுதியது, அளந்து முடித்த அன்றுதான். எங்கள் விதிப் பலகையிலும் ஒரு வரி கூடியது: 'ஈரத்தாளுக்கு இடையில் எண்சீட்டு.'

தேர்வுக்கு அடுத்த மாதம் ஒரு நாள் வசந்தி தன் அம்மாவோடு வந்தாள். மெலிந்த பெண்மணி, காலில் புதுச் செருப்பு, கையில் ஜவுளிக்கடைப் பை. பைக்குள் பழைய ரேஷன் கார்டு, பேறுகாலச் சீட்டு, லயத்துப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த ஒரு சர்டிபிகேட், இன்னும் என்னென்னவோ.

"இதெல்லாம் வாங்குவீங்களாம்மா? இவதான் குடுக்கச் சொன்னா. பெரிய வீட்டுக் காகிதமில்ல" என்றார்.

சார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் இருக்கும்போது வருகிறவர்களிடம் பேசுவது அன்றுவரை அவர் வேலை. நான் அம்மாவை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, பதிவேட்டைத் திறந்தேன். பைக்குள் எதையும் தொடவில்லை. சீவிய பென்சிலை எடுத்துக்கொண்டு, என்னால் முடிந்த அளவு சத்தமாகக் கேட்டேன்.

"அம்மா, இதெல்லாம் எந்த வரிசையில வச்சிருந்தீங்க?"

"வரிசையா? அது எங்க இருக்கு! பஸ்ஸு வளைவுல திரும்பும்போது ரெண்டு மட்டம் கீழ கொட்டிப் போச்சு. பக்கத்துல இருந்த பையன் பொறுக்கித் தந்தான்."

வசந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் திகைத்துப்போய்ச் சாரைப் பார்த்தேன். இழுப்பறைப் பக்கம் அவர் கை போகவில்லை.

"பின்னே என்ன? அதையே எழுதூ" என்றார்.

எழுதினேன். இப்போதும் பதிவேட்டில் இருக்கிறது, ரம்யா பார்த்துக்கொள்ளலாம். 'துணிப்பையில் வந்தது. பொன்முடி பஸ்ஸில் இரண்டு முறை கொட்டியது. பக்கத்து இருக்கைப் பையன் பொறுக்கி அடுக்கிய வரிசை இது. மாற்றக் கூடாது.'